பிறந்தநாளுக்கு வந்த வை-ஃபை ஃபோட்டோ ஃப்ரேம்: ஐந்துக்கு மூன்றரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. பிறந்தநாள் பரிசு என்று மட்டும் பார்த்தால் இரண்டுக்கு மேல் தரமாட்டேன். மீதி ஒன்றரையைப் பிறந்தநாள் முடிந்த பிறகு அதுவாகச் சம்பாதித்துக்கொண்டது.

பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பத்து அங்குலத் திரை, சுற்றிலும் மரம் மாதிரித் தெரியும் பிளாஸ்டிக், பின்னால் ஒரு கால். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போனில் அதற்கான ஆப்பைப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினால், ஃப்ரேம் எந்த நாட்டில் இருந்தாலும் அதில் வந்து விழும். இணையம் மட்டும் வேண்டும். பல கம்பெனிகள் ஏறக்குறைய இதே சரக்கை வெவ்வேறு பெயரில் விற்கின்றன. எனக்கு வந்தது எது என்று சொல்லப்போவதில்லை. நான் அடுக்கப்போகும் குறைகளில் பாதி இந்த வகை ஃப்ரேம்களில் அடிக்கடி பார்ப்பவை, மீதி அப்பாவுடையவை.

நான் வெளிநாட்டில் முதுகலை முதல் வருடம் படிக்கிறேன். 23 பிறந்தநாள்களும் வீட்டில்தான். இருபத்து நான்காவது இங்கே, விடுதியில், ஒரு அறைத்தோழியோடு. அண்ணன் அப்போதே சொன்னானாம்: அவள் இருக்கும் நாட்டிலேயே ஆன்லைனில் வாங்கி அவள் முகவரிக்கே போட்டுவிடலாம், இரண்டு நாளில் போய்விடும் என்று. அப்பா கேட்கவில்லை. "கடைக்காரன் கட்டின பெட்டி எதுக்குடா? நாம கட்டி அனுப்பினாத்தான் அது பரிசு." வாங்கிவந்து, வீட்டு வை-ஃபையில் போட்டு ஓடுகிறதா என்று சோதித்து, மறுபடி பெட்டியில் வைத்து, நாலு சுற்று டேப் ஒட்டித் தபாலில் அனுப்பினார். இதைப் படிப்பவர்களுக்கு என் முதல் அறிவுரை: அண்ணன் சொன்னதைக் கேளுங்கள்.

ஏனென்றால், தபாலில் வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பினால் ரகசியம் நிற்காது. சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்று ஒரு சுங்கப் படிவம் பெட்டிக்கு மேலேயே போகும். உள்ளே இருப்பது என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு, எல்லாம் அதில் எழுத வேண்டும். 'பரிசு' என்று மட்டும் எழுதினால் போதாது. அது ஒரு கட்டத்தில் குறி போடுவதற்குத்தான். ஆக, பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு விடுதி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே, டிஜிட்டல் ஃபோட்டோ ஃப்ரேம், ஒன்று, என்று அப்பாவின் கையெழுத்தில் கொட்டை எழுத்தில் படித்துவிட்டேன். அதற்கு அவர் கொடுத்த விலையும் பக்கத்திலேயே இருந்தது. அன்று இரவு போனில் "பெட்டி வந்துச்சா? பிரிக்காதே, உள்ள என்னன்னு உன்னால கண்டுபிடிக்கவே முடியாது" என்றார். கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் சொன்னேன். இந்த ஃப்ரேமுக்குப் பேட்டரி கிடையாது, நேரே மின்சாரத்தில் ஓடுவது. அதுவும் நல்லதாகப் போயிற்று. உள்ளே லித்தியம் பேட்டரி இருந்திருந்தால் விமானத் தபாலில் இன்னும் ஆயிரம் கேள்வி.

பிறந்தநாளைப் பற்றி ஒரு விஷயம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது: அது எப்போது தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கும் இங்கேக்கும் இப்போது பத்தரை மணி நேர வித்தியாசம். வீட்டில் நள்ளிரவு அடிக்கும்போது இங்கே முந்தைய நாள் மதியம் ஒன்றரை. நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், சட்டைப்பையில் போன் துடிக்கிறது, அத்தை பையன்கள் வரிசையாக வாழ்த்து அனுப்புகிறார்கள். பிறந்தநாளே இன்னும் வரவில்லை. அப்புறம் இங்கே என் தேதி முடியும் வரை கணக்குப் போட்டால் மொத்தம் முப்பத்து நாலரை மணி நேரம் எனக்குப் பிறந்தநாள். பூமி முழுவதும் எடுத்துக்கொண்டால் ஒரு தேதி எங்காவது ஓர் இடத்தில் 50 மணி நேரம் உயிரோடு இருக்கிறது. நேர மண்டலங்கள் கிரீன்விச்சுக்கு 14 மணி முன்னிலிருந்து 12 மணி பின் வரை நீள்கின்றனவே. முப்பத்து நாலரை அதில் சுமார்தான். ஆனாலும் அந்தத் தூக்கமில்லாத முப்பத்து நாலரையைக் கடப்பவளுக்குத்தான் தெரியும்.

அப்பா இதற்கெல்லாம் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். "உனக்கு ராத்திரி பன்னிரண்டுன்னா எங்களுக்குக் காலை ஒன்பதரை." செப்டம்பரில் அது சரி. பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அது அப்பாவின் சூத்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே சரியாக ஒன்பதரைக்கு, இங்கே இரவு பதினொன்றுக்கு, வீடியோ கால். திரை நிறைய முகங்கள். அம்மா, அண்ணன், அண்ணி, நடுவில் நாற்காலியில் பாட்டி, எல்லாரும் கைதட்டித் தொடங்கியே விட்டார்கள்.

"அப்பா, மணி பதினொன்றுதான்."

"உன் கடிகாரம் ஸ்லோவா ஓடுது, பாரு."

அந்த ஒரு மணி நேரம் எதற்காவது உதவட்டும் என்று பெட்டியைப் பிரித்தேன். அங்கிருந்துதான் இந்த விமர்சனம் உண்மையில் தொடங்குகிறது.

முதல் தடை பிளக். நம் வீட்டுப் பிளக்கின் கால் உருண்டை. இங்கே சுவரில் இருக்கும் ஓட்டை தட்டை. அடாப்டரின் முதுகில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அப்படி இருந்தால் மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கால் வடிவத்தை மாற்றும் ஒரு சின்ன மாற்றி போதும். அறைத்தோழியிடம் ஒன்று இருந்தது. பத்து நிமிடம் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது தடை வை-ஃபை. இந்தக் கட்டத்தை மாணவர்கள் நிதானமாகப் படிக்கவும். எங்கள் வளாகத்தில் எடுரோம். 2002இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கும் பல்கலைக்கழக வை-ஃபை அது. ஒரு தடவை போனில் போட்டுவிட்டால் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் கேட்காமலேயே இணைந்துகொள்ளும், அருமையான ஏற்பாடு. ஆனால் அது பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டையும் கேட்கும் வகை. ஃப்ரேமோ கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் ஒரு கட்டம் வைத்திருக்கிறது. பயனர் பெயரை எங்கே போடுவது? போட இடமே இல்லை. வீட்டு வை-ஃபையை நினைத்துச் செய்த பொருள் இது. விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவார்கள் என்று அதைச் செய்தவருக்குத் தோன்றவே இல்லை. பெட்டியின் மேல் என்னவோ 'தொலைவில் இருக்கும் அன்புக்குரியவர்களுக்கு' என்ற பாணியில் ஒரு வாசகம்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். நெட்வொர்க் பாடத்தில் நல்ல மார்க். அதை அப்பா இருபது பேரிடம் சொல்லியிருக்கிறார். அன்று இரவு ஐந்து பேர் பார்க்கப் பார்க்க ஒரு போட்டோ ஃப்ரேமை இணையத்தில் சேர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டி நடுவில், "அது கெட்டுப்போச்சா, இவளுக்குத் தெரியலையா?" என்று அம்மாவிடம் கேட்டது நன்றாகவே கேட்டது.

டிவி, கேம் பெட்டி மாதிரிச் சாதனங்களுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் வேறொரு வழி இருக்கிறது. சாதனத்தின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, பன்னிரண்டு இலக்கமும் எழுத்தும் கலந்தது, ஓர் இணையப் பக்கத்தில் பதிந்துவிட்டால் அது தனி நெட்வொர்க்கில் சேர்ந்துகொள்ளும். பதிந்தேன். அனுமதி வேலை நாளில்தான் வரும் என்று பதில் வந்தது. மணி 11:35.

கடைசியில் ஹாட்ஸ்பாட். அறைத்தோழியின் ஐபோனில் போட்டுப் பார்த்தோம்; ஃப்ரேமின் பட்டியலில் அவள் போன் பெயரே வரவில்லை. இதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. ஃப்ரேம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும். அவள் போன் 5இல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ஐபோன் 12இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் 2.4க்கு இறங்கிவரும். அழுத்தினோம். பெயர் வந்தது. இணைந்தது. மணி 11:48. எல்லாரும் கைதட்டினார்கள், இரண்டாவது தடவையாக.

அடுத்த நொடி திரையில்: புதிய மென்பொருள் இறக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

சரியாக நள்ளிரவில் அது 37 சதவீதத்தில் இருந்தது. விடுதியில் மெழுகுவத்தி ஏற்ற அனுமதி கிடையாது, கூரையில் புகை உணரி. அதனால் அறைத்தோழி விளக்கை அணைத்துவிட்டுப் போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் அதை ஊதினேன், அவள் அணைத்தாள். லேப்டாப்பில் வீட்டு முகங்கள், மேஜையில் நகராத ஒரு நீலக் கோடு. அம்மாவுக்குக் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா மட்டும் "இப்ப எத்தனை?" என்று சதவீதம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் போன் பேட்டரி தீர்ந்து 12:15க்குக் கால் நின்றுபோனது. முதல் படம் வந்தது 12:26க்கு. அதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. இதற்குத்தான் இரண்டு மதிப்பெண்.

முதல் படம் பாட்டி. அதாவது பாட்டியின் புடவைக் கரையும் இரண்டு கைகளும். தலை இல்லை. திரை 1280க்கு 800, படுக்கை வாட்டம். அப்பா எடுப்பதெல்லாம் போனை நிமிர்த்திப் பிடித்து. நிமிர்ந்த படத்தைப் படுத்த திரையில் நிறைத்துக் காட்டினால் பாதிக்கு மேல் வெட்டுப்படத்தான் செய்யும். அமைப்புகளில் 'ஃபில்' என்பதை 'ஃபிட்' என்று மாற்றினால் முழுப்படமும் தெரியும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். தலையா, பட்டையா என்றால் தலைதான். அண்ணன் அனுப்பியவை இன்னொரு கதை. அவன் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது, 2017இலிருந்து ஐபோன்களின் வழக்கம் அது. இந்த ஆப் அதை ஏற்கவில்லை. ஜேபெக்காக மாற்றி அனுப்பச் சொன்னேன். "வாட்ஸ்அப்ல அனுப்பி அங்கேருந்து சேவ் பண்ணி அனுப்பறேன்" என்றான். அப்படிச் செய்தால் வரும், ஆனால் படம் சுருங்கி வரும். பத்து அங்குலத் திரையில் அது நன்றாகவே தெரிகிறது.

மூன்றாவது தொல்லை விடிகாலையில். ஃப்ரேம் காலையில் தானாக எழுந்து இரவில் தானாக அணையும்படி நேரம் வைக்கலாம். அப்பா வீட்டில் சோதித்தபோது வைத்துவிட்டார்: காலை 7 முதல் இரவு 10 வரை. வீட்டு நேரப்படி. இங்கே கணக்குப் பார்த்தால் இரவு எட்டரைக்கு எழுந்து மறுநாள் பகல் பதினொன்றரைக்குத் தூங்கும். நான் தூங்கும் நேரம் முழுக்க அது விழித்திருந்து அறையெங்கும் வெளிச்சம் அடிக்கிறது. நான் வகுப்பு முடிந்து மதியம் திரும்பினால் கறுப்பாக நிற்கிறது. முதல் இரவு மேலே துண்டைப் போட்டு மூடினேன். நேர மண்டலத்தை மாற்றும் உரிமை முதலில் பதிந்தவரின் கணக்குக்கு மட்டும்தானாம், அதாவது அப்பாவுக்கு. அடுத்த வார இறுதியில் போனில் வழிகாட்டி மாற்ற வைத்தேன். நாற்பது நிமிடம். முதல் முயற்சியில் பட்டியலில் தவறான ஊரைத் தொட்டு என்னை இன்னொரு கண்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

சரி, அப்புறம் எதற்கு மூன்றரை?

மேக் முகவரிக்கு அனுமதி இரண்டு நாள் கழித்து வந்தது. அன்றிலிருந்து ஃப்ரேம் ஒழுங்காக ஓடுகிறது. பெட்டி கப்பலிலோ விமானத்திலோ எங்கோ போய்க்கொண்டிருந்தபோதே அப்பா ஆப் வழியாக 140 படங்களை அனுப்பி வைத்திருக்கிறார். அவை கம்பெனியின் சர்வரில் காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் இறங்கின. முதல் நாற்பது, ஐம்பது எதிர்பார்த்தவை. என் சின்ன வயதுப் படங்கள், பள்ளிச் சீருடை, பல் விழுந்த சிரிப்பு. பிறந்தநாளுக்கென்று தேடி எடுத்தவை. அவற்றைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்பதை ஒப்புக்கொண்டு கடந்துவிடுகிறேன்.

பிறந்தநாள் சரக்கு தீர்ந்த பிறகு வந்தவைதான் விஷயம். அப்பாவுக்கு ஆப் பிடித்துப்போய்விட்டது, அனுப்ப ஒன்றும் இல்லை. அதனால் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்து அனுப்புகிறார். புதிதாக வர்ணம் அடித்த வாசல் கேட். கொடியில் காயும் துணி. பாட்டியின் புதுக் கண்ணாடி, கூடுக்குள் மூடியபடியே. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, மூடி விரிசல் விட்டிருக்கிறது என்று காட்ட. யாருடைய நாயோ, என் அறைக் கதவருகே படுத்திருக்கிறது. யாருடையது என்று கேட்டேன். "தெரியாது, தினம் வருது" என்றார் அம்மா.

இவற்றில் ஒன்றுகூட வாட்ஸ்அப்பில் எனக்கு வந்திருக்காது. அங்கே அனுப்புகிற எதற்கும் ஒரு காரணம் வேண்டும், வாங்கிக்கொள்கிறவள் பதில் போட வேண்டும். பிறந்தநாளன்று எனக்கு வந்த வாழ்த்துகள் எழுபதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் நன்றி, கைகூப்பு, இதயம் என்று பதில் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. தாமதமானால் பெரியம்மா வருத்தப்படுவார். ஃப்ரேமில் அந்தப் பாரம் இல்லை. அவர்கள் பாட்டுக்கு அனுப்புகிறார்கள், நான் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன். விரிசல் விட்ட தொட்டி மூடியைப் பார்த்து எனக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருந்திருந்தால் மாடிக்குப் போகும்போது கண்ணில் பட்டிருக்கும் அல்லவா, அவ்வளவுதான்.

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் திரையின் ஓரத்தில் ஓர் இதயக் குறி இருக்கிறது. தொட்டால் அனுப்பியவரின் போனுக்குச் சேதி போகும். ஒருநாள் இரவு மூன்று மணிக்கு, அசைன்மென்ட் முடித்துத் தூசி தட்டும்போது துணி அதில் பட்டுவிட்டது. முப்பது நொடியில் அம்மாவின் அழைப்பு. "இன்னும் தூங்கலையாடி?" இந்த வசதியை அணைத்துவைக்க வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அரை மதிப்பெண் குறைத்தது இதற்காகத்தான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க இன்னும் இரண்டொன்று. ஃப்ரேமின் இணைப்புக் குறியீடு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் படம் அனுப்பலாம். அண்ணன் அதை நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டான். மூன்று நாள் என் மேஜையில் அவர்களுடைய கிரிக்கெட் படங்கள். குறியீட்டை மாற்றிய பிறகுதான் நின்றது. அப்புறம், படங்கள் எல்லாம் கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் வருகின்றன. நாளைக்கு அவர்கள் கடையை மூடினால் ஏற்கெனவே உள்ளே இறங்கியவை மட்டும் ஓடும், புதிதாக ஒன்றும் வராது. பாட்டி வீட்டு உடையில் இருக்கும் படங்கள் அந்த வழியாகப் போகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். அறையில் இன்னொருவர் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் தோழிக்கு இப்போது எங்கள் வீட்டு ஆட்களை எல்லாம் அடையாளம் தெரியும். பாட்டி எங்கே, இரண்டு நாளாகக் காணோம் என்று அவள்தான் கேட்கிறாள்.

ஆக, படிக்கப் போன பிள்ளைக்கு அனுப்ப நினைத்தால் அனுப்பலாம். அந்த நாட்டிலேயே வாங்குங்கள். பிளக், சுங்கம் இரண்டும் மிச்சம். அவர் இருக்கும் விடுதியின் வை-ஃபை எந்த வகை என்று முன்பே கேளுங்கள், பயனர் பெயர் கேட்கும் வகை என்றால் சாதனத்தைப் பதிய ஒரு வாரமாவது கொடுங்கள். மிக முக்கியம், பிறந்தநாளன்று நள்ளிரவில் பிரிக்கச் சொல்லாதீர்கள். நான்கு நாள் முன்பே பிரித்து, அப்டேட் எல்லாம் முடித்து வைக்கட்டும். ஆச்சரியம் கெட்டுவிடுமே என்றால், சுங்கப் படிவத்தில் அது ஏற்கெனவே கெட்டாயிற்று.

உத்தரவாதம் ஒரு வருடம், வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும். பழுதானால் நான் திருப்பி அனுப்ப வேண்டும், அப்பா ரசீதோடு கடைக்குப் போக வேண்டும். ரசீது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். தொலையக்கூடாது என்று அதையும் படமெடுத்து ஃப்ரேமுக்கே அனுப்பிவிட்டார். பாட்டியின் கண்ணாடிக் கூட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் தினம் நாலைந்து தடவை அது வந்து போகிறது.